நான் போகாத வீடுகள்

அன்புள்ள பாப்புவுக்கு,

அப்பா எழுதுறேன். இங்கே நானும் அம்மாவும் நல்லாத்தான் இருக்கோம், அம்மாவைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி சமையலறைக்குப் போய் அவளையே கேட்டுட்டு வந்துதான் எழுதுறேன், முட்டிவலி படி ஏறும்போது மட்டும் இருக்காம், சாப்பாடு தூக்கம் எல்லாம் சரியா இருக்காம், நான் கொஞ்சம் வாயை மூடிட்டிருந்தா மீதி வலியும் போயிடுமாம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமா இருக்கணும், குளிர் விட்டிருக்கும்னு நினைக்கிறேன், விட்டிருந்தாலும் காதை மூடிக்காம வெளியே போகாதே. உன் அண்ணன் போன வாரம் வந்து மாடித் தண்ணித்தொட்டியை மாத்திக் கொடுத்துட்டுப் போனான், உனக்கு ஏழு நிமிஷம் முன்னாடி பிறந்தவனை இன்னும் அண்ணன்னுதான் சொல்லணுமான்னு நீ கேப்பே, அந்த ஏழு நிமிஷத்துக்கும் சேர்த்து அவனுக்கு முன்தலை வழுக்கை விழுந்தாச்சு, அதனால இனிமே தாராளமா அண்ணன்னே கூப்பிடலாம். அவனோட டிரைவிங் ஸ்கூல் நல்லாப் போகுது, புதுசா ரெண்டாவது கார் எடுத்திருக்கான், அதை முதல் நாளே ஒரு அம்மா சுவத்துல இடிச்சுட்டாங்களாம், சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

இதெல்லாம் போன்லயே சொல்லலாமே, அப்பா எதுக்கு இத்தனை வருஷம் கழிச்சுக் காகிதமும் பேனாவும் எடுத்தாருன்னு நினைப்பே. போன ஞாயித்துக்கிழமை நீ பேசினப்போ லைன் சரியில்லைன்னு சொல்லிப் பாதியில போனை அம்மா கையில கொடுத்துட்டேன் இல்லையா, லைன் நல்லாத்தான் இருந்தது பாப்பு, நீ மூச்சு விடுறது கூடத் தெளிவாக் கேட்டது. நீ கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரலை. சொல்லாம விட்டா நீ என் பழைய பதிவை நம்பி ஒரு பெரிய காரியம் பண்ணிடுவேன்னு தெரியும், அதனால எழுதுறேன். இந்தக் கடிதத்தை இது வரைக்கும் மூணு தடவை எழுதிக் கிழிச்சாச்சு, மூணுலயும் என்னை நானே கொஞ்சம் நல்லவனாக் காட்டிக்கிட்டேன், இது நாலாவது.

நீ எவ்வளவு சந்தோஷமா சொன்னே. நாங்க அப்போ குழந்தைகள் நிலையத்துல நடத்தின ஆராய்ச்சியோட பழைய பதிவேடெல்லாம் படம் பிடிச்சு, குழந்தைகள் மருந்தை ஆராயுற உங்க ஆபீஸுக்கு வந்திருக்கு, திறந்து பார்த்தா மூணாவது நிலையம், அப்பா கையெழுத்து, அழுகையே வந்துடுச்சுன்னு சொன்னே. மத்த மூணு நிலையத்துலயும் சொட்டு மருந்தும் தடுப்பூசியும் ஒரே நாள்ல வாங்கின பெண் குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஆண் குழந்தைகளை விடக் கொஞ்சம் கூடுதலா வந்த மாதிரி தெரியுது, மூணாவது நிலையத்துல மட்டும் பெண் குழந்தைகளுக்குக் காய்ச்சலே கிடையாது, நாலையும் கூட்டிப் பார்த்தா வித்தியாசம் ஒண்ணுமில்லைன்னு வருது, உங்க பதிவேடுதான்பா நாலுலயும் சுத்தம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, அதனால அதுக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கலாம்னு எங்க தலைமை டாக்டர் மேடம் சொல்றாங்கன்னு சொன்னே. அப்புறம் கேட்டே, எப்படிப்பா இவ்வளவு சுத்தமா எழுதினீங்கன்னு.

போகாம எழுதினேன் பாப்பு. அதனாலதான் சுத்தமா இருக்கு.

உனக்கு நான் சொன்னதெல்லாம் அரைகுறைக் கதை, முழுசையும் இப்போ சொல்லிடுறேன். அந்த ஒன்றரை வருஷமும் எனக்கு ரெண்டு வேலை. காலையில நிலையத்துல உக்காந்து ஒன்பது மாசக் குழந்தைகளைத் தொட்டில் தராசுல போட்டு எடை பார்க்கணும், பலகையில படுக்க வெச்சு நீளம் பார்க்கணும், அப்புறம் ஊசி போடுற சிஸ்டர் தடுப்பூசி போடுவாங்க, கூடவே சொட்டு மருந்து. சொட்டு மருந்துல ரெண்டு விதப் புட்டி, ஒண்ணு நீல மூடி, ஒண்ணு வெள்ளை மூடி, ஒண்ணுல சத்து மருந்து இருக்கும், இன்னொண்ணுல வெறும் எண்ணெய், எது எதுன்னு எங்க யாருக்கும் தெரியாது, சீட்டுல என்ன வந்திருக்கோ அதைக் கொடுக்கணும். இதெல்லாம் நான் ஒழுங்காத்தான் பண்ணினேன். மத்தியானத்துக்கு மேலதான் ரெண்டாவது வேலை. ஊசி போட்ட ரெண்டாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் அந்தந்தக் குழந்தை வீட்டுக்கு சைக்கிள்ல போய்க் காய்ச்சல் பார்க்கணும், வாந்தி உண்டா, பால் குடிக்குதா, வயித்தால போகுதா, தூங்குதான்னு தாய்கிட்ட கேக்கணும், உடம்பு சூடா இருந்தா கையோட டாக்டர்கிட்ட சீட்டு எழுதி அனுப்பணும். ஒரு நாளைக்குப் பத்து வீடு, சில நாள் பன்னிரண்டு. பார்த்ததை அங்கேயே சட்டைப்பை நோட்டுல குறிச்சுக்கிட்டு, சாயங்காலம் வந்து பெரிய பதிவேட்டுல அழகா எழுதணும்.

முதல் நாள் பயிற்சியில பெரிய டாக்டர் எங்களை வட்டமா உக்கார வெச்சுச் சொன்னது இன்னும் காதுல இருக்கு. மருந்துப் புட்டி மேல ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒரே அளவுதான் போட்டிருக்கு, ஆனா ரெண்டு உடம்பும் ஒரே மாதிரி அதை வாங்கிக்குதான்னு இது வரைக்கும் யாரும் உக்காந்து பார்த்ததில்லை, தடுப்பூசி நல்லது, அதுல சந்தேகமே வேண்டாம், அதோட சேர்த்து இந்தச் சத்து மருந்தைக் கொடுக்கிற அளவும் நேரமும் ரெண்டு பேருக்கும் சரியாங்கிறதுதான் கேள்வி, இதுக்குப் பதில் என்கிட்ட இல்லை, உங்க பேனாவுலதான் இருக்குன்னு சொன்னார். எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அதை நடிச்சே காட்டினேன். அதனால தெரியாமப் பண்ணிட்டேன்னு நான் சொல்லிக்க முடியாது, எதுக்காக அந்த வேலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

முதல்ல ஒரு மழை நாள். சைக்கிள் பஞ்சர், ரெண்டு வீடு பாக்கி, ரெண்டும் பெண் குழந்தை. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நினைச்சேன், சாயங்காலம் பதிவேட்டுல அந்த ரெண்டு கட்டமும் காலியாக் கிடந்தது, கை அரிச்சது, நலம்னு எழுதி 98.4ன்னு போட்டேன். ஒண்ணும் ஆகலை. மேற்பார்வைக்கு வர்ற அம்மா மாசம் பத்து வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பாங்க, ஆனா அவங்க எடுக்கிறதெல்லாம் காய்ச்சல்னு எழுதியிருக்கிற வீடுகளைத்தான், நலம்னு எழுதின வீட்டுக்குப் போக அவங்களுக்கும் நேரமில்லை. அதை நான் ரெண்டே மாசத்துல கண்டுபிடிச்சேன். இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். ஆண் குழந்தை வீட்டுக்குப் போகலைன்னா மறுநாள் டீக்கடையில அவங்க அப்பாவோ மாமாவோ பிடிச்சுக்குவாங்க, என்ன சார், பையனைப் பார்க்க வரலையேம்பாங்க, நிலையத்துக்கே வந்து சத்தம் போடுவாங்க. பெண் குழந்தை வீட்டுக்குப் போகலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க. தாய் மட்டும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்திருப்பா, அப்புறம் அவளே ஈரத்துணி வெச்சுத் துடைச்சு விட்டுட்டுச் சும்மா இருந்துடுவா. அப்படின்னா எந்த வீட்டை விடலாம்னு என் மனசு தானா முடிவு பண்ணிடுச்சு. பெண் பிள்ளைகளைப் பிடிக்காதவன் இல்லை நான், உன்னைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவாச் சுத்தினவன், அது உனக்கே தெரியும். வெறுப்புன்னு ஒண்ணு இருந்திருந்தா அதையாவது காரணமாச் சொல்லியிருப்பேன், அதுவும் இல்லை, கேக்க ஆள் இல்லைங்கிற ஒரே தைரியம்தான். அப்படி மிச்சமான நேரத்துல நான் என்ன பண்ணினேன்னு நினைக்கிறே, சைக்கிள் கடைக்குப் பின்னாடி கேரம் ஆடினேன். சாயங்காலம் நாலரையில இருந்து ஆறு வரைக்கும். அந்த வருஷம் அந்தத் தெருவுல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது.

பதிவேட்டை மறுபடியும் திறந்து பார், பெண் குழந்தைகளோட காய்ச்சல் கட்டத்தைப் பார். 98.4, 98.6, 98.4, 98.6ன்னு மாறி மாறி வரும். நிஜக் குழந்தை அப்படியா இருக்கும், ஒருத்திக்காவது 98.9 இருந்திருக்க வேண்டாமா, பொய்யைக் கூட நான் கஷ்டப்பட்டுச் சொல்லலை. நீ இவ்வளவு படிச்ச பொண்ணு, உன் கண்ணுக்கு இது படலையேன்னு யோசிச்சேன், அப்புறம் புரிஞ்சது, அப்பா கையெழுத்துங்கிறதால உன் கண்ணு அதைச் சந்தேகப்படலை.

ஆராய்ச்சி முடிஞ்சப்போ பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, உங்க பகுதியில பெண் குழந்தைகளுக்குக் காய்ச்சலே வரலையே, என்ன காரணமா இருக்கும்னு நினைக்கிறீங்கன்னு கேட்டார். மனுஷன் என்னைச் சந்தேகப்பட்டுக் கேக்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டார். அப்போ சொல்லியிருக்கலாம். எங்க பகுதித் தாய்மார்கள் குழந்தைகளை நல்லாப் பார்த்துக்குவாங்க சார்னு சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கிட்டே அதைத் தன் நோட்டுல எழுதினார், அந்தப் பேனா நகர்றதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம்தான் சிறந்த களப்பணியாளர்னு கண்ணாடி போட்ட பத்திரம் கொடுத்தாங்க. அதைக் காட்டித்தானே நீ பள்ளிக்கூடத்துல எங்க அப்பா குழந்தைகளைக் காப்பாத்துற வேலை பார்க்கிறார்னு பேசிட்டு வந்தே. நீ இந்தப் படிப்பைத்தான் படிப்பேன்னு நின்னப்போ, எதுக்கும்மான்னு உன் சித்தப்பா கேட்டாரு, அப்பா மாதிரின்னு சொன்னே. நான் அந்தப் பக்கம் திரும்பிச் செய்தித்தாளைப் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு, அது நம்ம வீட்டுக் கதை. வரிசை எண் அறுநூத்திப் பதினொண்ணு உன் அண்ணன், அறுநூத்திப் பன்னிரண்டு நீ. ஒரே நாள், ஒரே சிஸ்டர், ரெண்டு பேருக்கும் நீல மூடிச் சொட்டு. அவன் பேருக்கு நேரா ரெண்டாம் நாள் 101.2ன்னு இருக்கும், எத்தனை தடவை பால் குடிச்சான், எத்தனை மணிக்குத் தூங்கினான்னு ஓரத்துல பொடி எழுத்துல கூட எழுதியிருப்பேன். உன் பேருக்கு நேரா 98.4, நலம். ஞாயித்துக்கிழமை நீ போனை வெச்சதுக்கு அப்புறம் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முப்பத்திநாலு வருஷமாச் சொல்லாததை அன்னிக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தவகிட்ட நின்ன இடத்துலயே சொன்னேன். அவ உரிக்கிறதை நிறுத்தலை. நான் முடிச்சதும், பாப்புவுக்கு அப்போ மூணு நாள் காய்ச்சல், அது தெரியுமா உங்களுக்குன்னு கேட்டா. தெரியாது. ஏன் அப்பவே என்கிட்ட சொல்லலைன்னு கேட்டுட்டேன், புத்தி கெட்டவன். அதுக்கு அவ சொன்னா, நீங்க அவனை மடியில போட்டுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தீங்க, நான் இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் நடந்துக்கிட்டிருந்தேன், ஒரே அறைதான், நாலடி கூட இருக்காது, திரும்பிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு. கோபமாச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னா, சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. கண்ணாடி போட்ட பத்திரத்தை நான் கழட்டப் போனேன், சுவத்துல அந்த இடம் மட்டும் வெளுப்பாத் தெரியுமே, வர்றவங்க கேப்பாங்களேன்னு தயங்கினேன். உள்ளே இருந்தே, கேக்கட்டும், சொல்லுங்கன்னா. கழட்டிட்டேன்.

மறுநாள் காலையில தையல்கடைக்குப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நம்ம தெரு திரும்பினதும் மூணாவது கடை, உன் காலேஜ் உடுப்பெல்லாம் அங்கேதான் தைச்சோம். தையல்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு, இப்போ அவர் சம்சாரமும் பொண்ணும்தான் நடத்துறாங்க. அந்தப் பொண்ணுக்கு இடது காது கேக்காது, உன் வயசுதான், அதே வருஷத்துப் பதிவேட்டுல இருக்கிற குழந்தை. ஊசி போட்ட நாலஞ்சு நாள்ல அதுக்குக் காதுல சீழ் பிடிச்சுக் காய்ச்சல் வந்திருக்கு, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு பின்னாடி காது டாக்டர் சொன்னதை நானே கேட்டேன், ஆனா ஏழாம் நாள் நான் போயிருந்தா உடம்பு சுடுறதைப் பார்த்துக் கையோட சீட்டு எழுதி அனுப்பியிருப்பேன், அதுக்குத்தானே என்னை வெச்சிருந்தாங்க. நான் போகலை, நலம்னு எழுதினேன். அந்தப் பொண்ணு வளர்ந்து கடையில உக்கார ஆரம்பிச்ச நாளா நான் அளவு கொடுக்கப் போனா வலது பக்கம் போய்த்தான் நிப்பேன், சத்தமாப் பேச வேண்டியதில்லைன்னு. அவங்க என்னை ரொம்ப நல்ல மனுஷன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

கடையில கூட்டமில்லை, அம்மாக்காரி துணி வெட்டிக்கிட்டிருந்தாங்க, பொண்ணு மெஷின்ல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, ஒரு விஷயம் சொல்லணும், சொல்லி முடிக்கிற வரைக்கும் நிறுத்தாதீங்கன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் கொட்டினேன். கேரம் ஆடினதையும் சொன்னேன். அம்மாக்காரி கத்திரியைக் கீழே வெச்சுட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நீங்க வருவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன் சார், வீட்டுக்கே ஆள் வருவார், காய்ச்சல் இருந்தா அவர்கிட்ட சொல்லு, அவர் பார்த்துக்குவார்னு சிஸ்டர் சொல்லி அனுப்பினாங்க, அதை நம்பித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தேன், நீங்க வர்றதா யாரும் சொல்லாம இருந்திருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருப்பேனேன்னு சொன்னாங்க. பாப்பு, இது வரைக்கும் நான் போகாததால ஒரு நல்லது நடக்காமப் போச்சுன்னுதான் நினைச்சிருந்தேன். நான் வருவேன்கிற நம்பிக்கையே அந்தக் குழந்தைக்குக் கெடுதலா முடிஞ்சிருக்குன்னு அந்த நிமிஷம்தான் தெரிஞ்சது. மன்னிச்சுடுங்கம்மான்னு கேட்டேன், அவங்க கத்திரியை எடுத்துக்கிட்டுத் துணிப்பக்கம் திரும்பிட்டாங்க. பொண்ணுதான் மெஷின்ல இருந்து எழுந்திருக்காமலே கேட்டா, என்னை மாதிரி எத்தனை பேரு சார்னு. தெரியாதும்மான்னேன். எண்ணிட்டு வாங்கன்னா. அவ்வளவுதான், மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டா.

வீட்டுக்கு வந்து பரண்ல இருந்து தகரப் பெட்டியை இறக்கினேன், அம்மா ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டா, நீ திட்ட வேண்டாம். சட்டைப்பை நோட்டு முப்பத்தொண்ணும் அதுல இருக்கு, சிலதுல ஓரத்தைக் கரையான் தின்னிருக்கு, எழுத்து தப்பிச்சுது. நான் நிஜமாப் போன வீடு மட்டும்தான் அந்த நோட்டுகள்ல இருக்கும், போகாததை நேராப் பதிவேட்டுலதான் எழுதினேன், ரெண்டுலயும் பொய் எழுதுற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. அந்த ஒரு விஷயத்துல மட்டும் என் சோம்பேறித்தனம் உனக்கு உதவும். நாலு நாள் உக்காந்து எண்ணினேன். மூணாவது நிலையத்துல பெண் குழந்தைகள் அறுநூத்தி எண்பத்தெட்டு. ரெண்டாம் நாள் நான் போனது இருநூத்தி முப்பத்தொரு வீட்டுக்கு, போகாதது நானூத்தி ஐம்பத்தேழு. ஆண் குழந்தைகள் எழுநூத்தி இருபத்திநாலுல போகாதது இருபத்திரெண்டே வீடு. ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் இதை விட மோசம், தனித்தாள்ல எழுதி வெச்சிருக்கேன். நிஜமாப் போன அந்த இருநூத்தி முப்பத்தொண்ணுல எத்தனை குழந்தைக்குக் காய்ச்சல் இருந்ததுன்னும் எண்ணிப் பார்த்தேன். அதை மட்டும் உனக்கு எழுத மாட்டேன். இந்த விஷயத்துல இனிமே என் எண்ணிக்கையை நீ நம்பக் கூடாது, நீயே எண்ணு, உன் கூட வேலை பார்க்கிற இன்னொருத்தரையும் தனியா எண்ணச் சொல்லு. நோட்டுகளை எல்லாம் துணியில சுத்திப் பதிவுத்தபால்ல நேத்து அனுப்பிட்டேன், இந்தக் கடிதத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியோ பின்னாடியோ வரும்.

எண்ணிக்கையை எடுத்துக்கிட்டு மறுபடியும் தையல்கடைக்குப் போனேன். அந்தப் பொண்ணு அளவு எழுதுற நோட்டுல அந்த எண்ணைக் குறிச்சுக்கிட்டா, நானூத்தி ஐம்பத்தேழுன்னு எழுத்தாலயும் எழுதினா. அவங்களுக்கெல்லாம் யார் சொல்லுவாங்கன்னு கேட்டா. இப்போ ரெண்டு நாளாக் காலையில குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன், சைக்கிள் ஓட்டுற வயசு போச்சு. இது வரைக்கும் பதினாலு வீடு. பாதிப் பேர் வீடு மாறிப் போயிட்டாங்க. ஒரு அம்மா என்னை யாருன்னே தெரியாம உக்காரச் சொல்லி டீ கொடுத்துட்டு, அதுக்கென்ன சார் இப்போ, பொண்ணு நல்லா இருக்கா, ரெண்டு பிள்ளை பெத்தாச்சுன்னு சிரிச்சாங்க. ஒருத்தர் கதவைச் சாத்திட்டார், சாத்தினதுல எனக்கு வருத்தமில்லை. இதைப் பெருமையா உனக்கு எழுதலை, பெரிய மனுஷன் ஆயிட்டேன்னு நினைச்சுக்காதே, அப்போ தினமும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை இது.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை உங்க டாக்டர் மேடம்கிட்ட காட்டணும். அவங்களுக்கு நம்ம மொழி தெரியாது, நீதான் மாத்திச் சொல்லணும், மாத்தும்போது எங்கேயும் பூசி மெழுகாதே. தவறு நேர்ந்துவிட்டதுன்னு எழுதாதே, அதுவா நேரலை, நான் செஞ்சேன். பதிவு செய்தவர் வீட்டுக்குப் போகாமலே எழுதினார், பெரும்பாலும் பெண் குழந்தைகளை விட்டுவிட்டார்னு அப்படியே போடச் சொல்லு. அவங்க பேருக்கு நான் கையெழுத்துப் போட்ட தனிக் கடிதமும் உள்ளே வெச்சிருக்கேன். என் பேரைக் காப்பாத்தணும்னு நினைச்சு மூணாவது நிலையத்தைச் சத்தமில்லாம ஓரங்கட்டிடலாம்னு உனக்குத் தோணும், நீ அப்படிப்பட்ட பொண்ணு, அதைப் பண்ணாதே. ஏன் ஒதுக்கினோம்னு எழுதலைன்னா பின்னாடி வேற யாராவது அதே பதிவேட்டை எடுத்து, ஆகா எவ்வளவு சுத்தம்னு மறுபடியும் கூட்டிடுவாங்க. பெண் குழந்தைகளைத் தனியாக் கவனிக்கத் தேவையில்லைன்னு என் எழுத்தை நம்பி எங்கேயாவது ஒரு புத்தகத்துல ஏறினா, நான் போகாத வீடு நானூத்தி ஐம்பத்தேழோட நிக்காது. சத்து மருந்து பெண் குழந்தைகளுக்கு எப்படிங்கிறது உங்களுக்கு முழுசாத் தெரிய இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ தெரியலை, தெரியலைங்கிறதையாவது நேர்மையாச் சொல்லிடுங்க. இதனால உன் வேலையில உனக்குத் தலைகுனிவு வரும், அப்பாவாலதான்னு நாலு பேர் பேசுவாங்க, அதுக்கு நான் எப்படி ஈடு கட்டப் போறேன்னு தெரியலை. மாப்பிள்ளைகிட்டயும் நீயே சொல்லிடு, அவர் இங்கே வந்தப்போ அந்தப் பத்திரத்தைப் படிச்சுட்டுக் கை கொடுத்தார், அந்தக் கையை நினைச்சாலே கூசுது. உன் அண்ணனுக்கு நேத்து சொல்லிட்டேன், பாப்பு எப்படித் தாங்குவான்னு மட்டும் கேட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்துல பட்டினி கிடக்காதே, அது சின்ன வயசுல இருந்தே உனக்கு இருக்கிற பழக்கம். கண்ணு வலிச்சா அந்தப் பழைய எழுத்தையெல்லாம் ஒரே மூச்சாப் படிக்காதே, விட்டுவிட்டுப் பார். ராத்திரி முழிச்சு வேலை பார்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாம நீண்ட நாள் சந்தோஷமா இருக்கணும், உன் பேனாவுல எழுதுறதெல்லாம் நீ கண்ணால பார்த்ததா இருக்கணும், இதுதான் அப்பாவோட ஆசீர்வாதம், எங்கிட்ட இருந்து வந்ததுன்னு வேண்டாம்னு தள்ளிடாதே.

ஞாயித்துக்கிழமை மறக்காமப் போன் பண்ணு, அம்மா காலையில இருந்தே பார்த்துக்கிட்டிருப்பா. என்கிட்ட பேசப் பிடிக்கலைன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், அம்மான்னு மட்டும் சொல்லு, ஒரு வார்த்தை கேக்காம அவ கையில கொடுத்துடுறேன்.

உன் தலையை இங்கிருந்தே தடவிக்கொடுக்கும்,
அப்பா